வெளியூர் இசையமைப்பாளரை வரவழைக்கலாமா? டர்பன் விண்ட் பேண்டுகளுக்கு ஒரு மதிப்பீடு

சேவை இதுதான். விண்ட் பேண்டுக்கென்று, அதாவது ஊதும் வாத்தியங்களும் தாளவாத்தியமும் சேர்ந்த குழுவுக்கென்று, எழுதுகிற இசையமைப்பாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்தோ ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கமிருந்தோ டர்பனுக்கு வருகிறார். 3, 4 நாள் தங்குகிறார். இரண்டு பள்ளி பேண்டுகளோடும் ஒரு பல்கலைக்கழகக் குழுவோடும் தன் இசையை ஒத்திகை பார்க்கிறார், மாணவர்கள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார், கடைசி நாள் கச்சேரியில் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு பெற்றோர் குழு இதற்காகப் பிரியாணி விற்றுப் பணம் சேர்க்க உட்காரும் முன்பு, அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நூறு வருடத்துக்கு முந்தைய இசையை எத்தனை பேண்டு வாசித்தாலும் ஒரு ஸ்வரம் மாறாது. எழுதியவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பதில் ஒரே ஒரு லாபம்தான் உண்டு: உங்கள் மூன்றாம் கிளாரினெட்டுப் பிள்ளைக்காக அவர் நான்கு பாரை (தாளக்கட்டத்தை) அழித்துவிட்டு வேறு எழுதித் தரலாம். அதைச் செய்கிறவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். செய்யாதவரை அழைத்தால் காசு போய்ச் சேருவது விமானக் கம்பெனிக்கு.

அதனால் முதல் சோதனையை அவர் வருவதற்கு 8 வாரம் முன்பே வைத்துவிடலாம். ஒப்புக்கொண்ட கையோடு அவர் கேட்க வேண்டியது, "உங்களிடம் எந்த வாத்தியம் எத்தனை இருக்கிறது, யார் எதுவரை வாசிப்பார்கள்?" என்பதை. கேட்காமல் ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரியும் அடங்கிய முழுத் தாளை) மட்டும் அனுப்பிவைக்கிறவர் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஒன்றை மனதில் வைத்து எழுதியதைத்தான் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான்கு ஹார்ன், இரண்டு பாசூன், இரண்டு டியூபா, அறை நிறையத் தாளவாத்தியம் எல்லாம் இருக்கும். இங்கே சாக்ஸபோன் ஆறு இருக்கும், ஹார்ன் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம், பாசூனைப் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

பட்டியல் தயாரிக்கும்போது பலரும் விட்டுவிடுவது, யார் எந்த கிளெஃபை (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறியை) படிப்பார்கள் என்பது. தேவாலயப் பித்தளைக் குழுக்களிலும் சால்வேஷன் ஆர்மியிலும் பழகி வந்த பிள்ளைகள் ட்ரொம்போனையும் யூஃபோனியத்தையும் ட்ரெபிள் கிளெஃபில்தான் படிப்பார்கள். ட்ரம்பெட்டைப் போலவே பி ஃப்ளாட்டுக்குச் சுருதி மாற்றி எழுதியிருக்க வேண்டும் (தாளில் சி என்றால் ஒலிப்பது பி ஃப்ளாட்). டியூபாவையும் அவர்கள் ஈ ஃப்ளாட் பாஸ், பி ஃப்ளாட் பாஸ் என்று ட்ரெபிள் கிளெஃபிலேயே கற்றிருப்பார்கள். அமெரிக்கப் பதிப்பில் யூஃபோனியத்துக்கு ட்ரெபிள் கிளெஃப் பார்ட் (அந்த வாத்தியத்துக்கான தனித் தாள்) பெரும்பாலும் கூடவே வரும். ட்ரொம்போனுக்கும் டியூபாவுக்கும் பொதுவாக வராது. கேட்டு வாங்காவிட்டால் முதல் ஒத்திகையில் நன்றாக வாசிக்கிற நான்கு பிள்ளைகள் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மென்பொருளில் இது 10 நிமிட வேலை. கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி கையால் எழுதினால் இரண்டு மணி நேரம்.

ஹார்ன் இல்லாத பேண்டில் அந்த வரியை ஆல்ட்டோ சாக்ஸுக்கோ பித்தளை டெனர் ஹார்னுக்கோ கொடுப்பது வழக்கம். இரண்டும் ஈ ஃப்ளாட் வாத்தியங்கள், ஹார்னோ எஃப்பில் எழுதப்படுவது. ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழு டோன் மேலே ஏற்றி எழுத வேண்டும். ஹார்ன் தாளை அப்படியே சாக்ஸ் ஸ்டாண்டில் வைத்தால் எல்லாம் ஒரு டோன் தாழ்ந்து ஒலிக்கும். நாராசமாக இருக்கும், ஆனால் ஏன் என்று சட்டென்று யாருக்கும் பிடிபடாது. டியூபாவுக்குப் பதில் பேஸ் கிட்டார் வைக்கிற பள்ளிகளுக்கும் இதேபோல் ஒரு கண்ணி உண்டு. டியூபா பார்ட்டில் எழுதியிருப்பதுதான் ஒலிக்கும். கிட்டாரோ எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும். கிட்டார்காரருக்கு எல்லாவற்றையும் ஓர் ஆக்டேவ் மேலே எழுதித் தந்தால்தான் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்.

ஓபோ, பாசூன் தனி வரிகளுக்கு மாற்று வரி, அதாவது க்யூ, இருக்கிறதா என்று பாருங்கள். புல்லாங்குழலிலோ கிளாரினெட்டிலோ சின்ன எழுத்தில் அந்த வரி அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டின் அழகான எட்டு பாரில் மெட்டே இல்லாமல் துணை இசை மட்டும் கேட்கும்.

கிளாரினெட்டின் நடுப்பகுதி தனியாகப் பேச வேண்டிய விஷயம். எழுத்தில் இரண்டாம் கோட்டுக்கு மேலுள்ள ஏ-யிலிருந்து அடுத்த பி-க்குப் போவது காதுக்கு ஒரு படிதான். கைக்கு அது பெரிய தாவல்: ஏறக்குறைய எல்லா விரலும் தூக்கியிருந்த நிலையிலிருந்து எல்லாத் துளையையும் ஒரே கணத்தில் மூடி, கட்டைவிரலால் ரிஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் நுனி நழுவினாலும் கீச்சென்று கத்தும். இரண்டு வருடம் கற்ற பிள்ளைக்கு மெதுவான சாகித்தியத்தில் இது வந்துவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அரைமாத்திரைகளில் ஏறி இறங்கச் சொன்னால் வராது. முதல் கிளாரினெட்டுக்குச் சரி. மூன்றாம் கிளாரினெட்டிலும் இதை எழுதியிருந்தால், ஆரம்பப் பிள்ளைகள் அங்கேதான் உட்காருவார்கள் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார் என்று பொருள். மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே ஸ்வரக்கூட்டில் கீழே நிற்கும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி இருந்தால் போதும், சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ட்ரம்பெட்டுக்கு ஸ்கோரின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். கோடுகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஜி அங்கே இருந்தால் சிக்கல். ஜி வாசிக்கத் தெரியாது என்பதல்ல, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் உதடு செத்திருக்கும். நடுவில் 16 பார் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறாரா என்று எண்ணிப்பாருங்கள்.

தாளவாத்தியத்தில் இருக்கிறதை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். இருந்ததை எழுத வேண்டாம். பெடல் நிற்காத டிம்பனி டிம்பனி ஆகாது. வைப்ரஃபோன் கேட்டால் கீபோர்டில் அந்த ஒலி இருக்கிறது என்று சமாளிக்கலாம். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. லோட்ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) முன்புபோல் இல்லைதான். ஆனாலும் பின்னணி ஒலிப்பதிவோடு வாசிக்கிற புது மாதிரி இசைத் துண்டுகளை வாங்குகிறவர்கள் இன்வெர்ட்டர் இல்லாமல் வாங்க வேண்டாம்.

தாளின் அளவு அற்ப விஷயமாகத் தெரியும். அமெரிக்கர் அனுப்பும் பிடிஎஃப் லெட்டர் அளவில் இருக்கும், இங்கே ஏ4. அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்று கொடுக்காவிட்டால் ஓரத்து கிளெஃபும் பார் எண்ணும் வெட்டுப்படும். கண்டக்டரின் ஸ்கோரை ஏ4-ல் அச்சிட்டால் முப்பது வரி எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். ஏ3-ல் எடுத்துச் சுருள் கம்பி போடுங்கள். (கண்டக்டர் என்றதும் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. வேறு சொல் இன்னும் ஒட்டவில்லை.) இசை எழுதும் ஃபினாலே மென்பொருளை அதன் கம்பெனி 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. பழைய ஃபினாலே கோப்புகளையே வைத்துக்கொண்டிருக்கும் இசையமைப்பாளரிடம் பிடிஎஃப்போடு மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பும் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோரில் அதைத் திறந்து, அவர் ஊருக்குப் போனபிறகும் ஒரு பார்ட்டை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இதற்கு அவருடைய அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எப்போது அழைப்பது?

ஏஜெண்டுகள் அனுப்பும் தேதிகளில் நம் நாட்காட்டி இருக்காது. தைப்பூசக் காவடி முடிந்து, பள்ளி சூடுபிடித்து, புனித வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் இருக்கிற பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி நல்ல காலம். பல்கலைக்கழகத்திலும் முதல் பருவம் அப்போது நடந்துகொண்டிருக்கும். ஜூலை கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும் காகிதத்தில் காலியாகத் தெரியும். ஆனால் ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கோயிலில் கூழ். பாதி பேண்டு அங்கே பாத்திரம் தூக்கிக்கொண்டிருக்கும், மீதிப் பாதி வரிசையில் நிற்கும். ஞாயிறு ஒத்திகை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. செப்டம்பரில் மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) பிள்ளைகளுக்கு முன்தேர்வு. அதற்குப் பிறகு தீபாவளி, பொதுத்தேர்வு என்று வருடம் முடிந்துவிடும்.

பிப்ரவரியின் குறை வெயில். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று வாத்தியங்களின் சுருதி கணக்குப்படி சுமார் 3 செண்ட் ஏறும் (ஒரு செண்ட் என்பது அரை டோனில் நூறில் ஒரு பங்கு). 20 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு 30 டிகிரி மண்டபத்தில் வாசித்தால் கணக்கில் 30 செண்ட் வரை தூக்கும். மூச்சே குழாயைச் சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு வராது என்றாலும் காது கூசும் அளவுக்கு வரும். உலோகப் பட்டைகள் கொண்ட க்ளாக்கன்ஸ்பீல் மட்டும் ஏறாது, அதற்குச் சூட்டில் சற்றே இறங்கத்தான் தெரியும். ஆகவே குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவர் முதல் நிமிடத்திலேயே "கிளாரினெட் ஷார்ப்" என்று முகம் சுளித்தால் தவறு பிள்ளைகளுடையது அல்ல. வாசிக்கிற மண்டபத்திலேயே, 15 நிமிடம் வாசித்தபிறகு சுருதி சேருங்கள். எல்லா ஜன்னலையும் திறந்துவையுங்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் மழை வந்தால் ஒத்திகை முடிந்தது, அவ்வளவுதான்.

ஜோஹன்னஸ்பர்க்குக்கு இதே பேண்டைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், குளிர்காலக் காற்று காய்ந்து கிடக்கும். ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் தகடு) விறைத்து நிற்கும், நீண்ட வாக்கியங்களில் மூச்சு பாதியில் தீரும். அரை எண் மெல்லிய ரீட் கூடவே எடுத்துப்போங்கள்.

அந்த நான்கு நாட்கள்

கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது, நகரத்திலிருந்து 35 கிலோமீட்டர் போல. சாட்ஸ்வொர்த்தோ மறுபக்கம். இறங்கிய நாளே ஒத்திகை வைத்தால் நெரிசலில் ஒரு மணி நேரம் போய், களைத்த மனிதரிடம் களைத்த பிள்ளைகளைக் கொடுத்ததாக ஆகும். முதல் நாளை விட்டுவிடுங்கள்.

பள்ளி மணி அடித்தபிறகு கிடைப்பது 90 நிமிடம், அதற்குமேல் வீட்டுக்குப் போகும் டாக்ஸி போய்விடும். நல்ல இசையமைப்பாளர் முதல் 90 நிமிடத்தில் துண்டை நிறுத்தாமல் ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டு, மூன்று இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். மோசமானவர் முதல் பாரிலேயே நிறுத்தி, அந்த இசை எழுந்த கதையை 25 நிமிடம் சொல்வார். கதைக்குப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். உதடு ஆறிப்போகும், சுருதி இறங்கிவிடும்.

தடியை யார் பிடிப்பது என்பதில் தெளிவாக இருங்கள். எழுதியவரே நடத்த வேண்டும் என்று பள்ளி முதல்வர்கள் ஆசைப்படுவார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். எங்கள் தீர்ப்பு: உங்கள் பேண்டு ஆசிரியரே நடத்தட்டும், எழுதியவர் மண்டபத்தின் நடுவில் ஸ்கோரும் பென்சிலுமாக உட்காரட்டும். எழுதத் தெரிந்த எல்லாருக்கும் தடி பிடிக்கத் தெரியாது. அதோடு மேடையில் நின்றால் முன்வரிசைப் புல்லாங்குழல்தான் அவர் காதில் விழும். யூஃபோனியத்தின் எதிர்வரி காணாமல் போவது நடுவில் உட்கார்ந்தால்தான் தெரியும். அவர் போனபிறகும் பேண்டு அந்த இசையை வாசிக்க வேண்டுமென்றால், வேகமும் சைகைகளும் ஆசிரியரின் கையில் பதிந்திருக்க வேண்டும்.

வேகக் குறியை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 152 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கணினி வாசித்துக் காட்டிய வேகம். கணினிக்கு மூச்சும் இல்லை, எதிரொலிக்கும் ஓடு பதித்த தரையும் இல்லை. பள்ளி மண்டபத்தில் 138-ல் வாசித்தால் எழுத்து தெளிவாகக் கேட்கும் என்றால் 138. கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். கேட்பதற்குத்தானே வரவழைத்தது.

முதல் ஒத்திகைக்கு மறுநாள்தான் உண்மையான பரீட்சை. முந்தின இரவு தங்கும் இடத்தில் உட்கார்ந்து மாற்றி எழுதிய தாள்களோடு அவர் வர வேண்டும். இதற்கு அவருக்குத் தேவை அச்சு இயந்திரம், ஒரு கட்டுத் தாள், செல்லோடேப். பெற்றோர் குழு வரவேற்பு மாலைக்குச் செலவழிக்கும் தொகையில் பாதி இதற்குப் போதும். விடுதியில் அச்சு வசதி இல்லாததால் "மாற்றத்தை வாயால் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்" என்ற நிலை வந்தால், நாற்பது பேருக்கு வாயால் சொல்வதிலேயே ஒத்திகை கரைந்துவிடும்.

விருந்தோம்பலில் ஒரு எச்சரிக்கை. ஒத்திகைக்கு முன்னால் பிரியாணி வேண்டாம், விருந்தாளிக்கும் வேண்டாம், பித்தளைப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். நிறைந்த வயிற்றின்மேல் உதரவிதானம் இறங்காது. இனிப்பு இன்னும் மோசம்: சர்க்கரை கலந்த எச்சில் சாக்ஸ், கிளாரினெட் துளைகளை மூடும் பேடுகளில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, கீயைத் தூக்கும்போது சப்பென்று சத்தம் வரும். தண்ணீர் கொடுங்கள். சாப்பாடு ஒத்திகை முடிந்தபிறகு.

நம் இசையை என்ன செய்கிறார்?

வருகிறவருக்கு நம் பிள்ளைகளைப் பார்த்ததும் "இந்தியச் சாயல்" சேர்க்கத் தோன்றும். சிலர் மாயாமாளவகௌளையின் ஸ்கேலை எடுத்து, ஓபோவில் நெளியவிட்டு, பாம்பாட்டி இசையாக்கி வைப்பார்கள். நம் வீட்டுக் குழந்தை ஸரளிவரிசையில் ஆனா ஆவன்னாவாகப் படிக்கும் ராகம் அது, மர்மம் ஒன்றுமில்லை. அப்படி ஒரு துண்டு வந்தால் மறுத்துவிடுவதில் தவறே இல்லை.

விஷயம் தெரிந்தவரானால் நம்மிடம் இருக்கும் சாமான்கள் அவருக்கு நிறைய உதவும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தேவாரம் பாடிய பிள்ளைக்கு மோகனம் காதில் இருக்கிறது. ஐந்து ஸ்வரம், எதிலும் அரை டோன் உரசல் கிடையாது. ஆரம்ப பேண்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான களம் இல்லை. ஒலிக்கிற ஈ ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்தால் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எஃப், ஜி, ஏ, சி, டி என்று வாசிக்கும். ஆல்ட்டோ சாக்ஸ் சி, டி, ஈ, ஜி, ஏ என்று ஒரு ஷார்ப்பும் ஃப்ளாட்டும் இல்லாமல் வாசிக்கும். ஈ ஃப்ளாட் என்பது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில்தான் இருக்கும் என்பதால், கோயிலில் வாசிப்பவரைச் சேர்க்க நினைத்தாலும் சுருதி இடிக்காது. பேண்டுக்காரர்களுக்குப் பழகிய பி ஃப்ளாட்டில் எழுதிவிட்டால் ஆறரைக் கட்டை, நாதஸ்வரக்காரர் வந்த வழியே போக வேண்டியதுதான். ஸ்கோர் எழுதும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்து சுருதியை மாற்றினால் கிளாரினெட் மறுபடி அந்த நடுப்பகுதித் தாவலில் போய் மாட்டிக்கொள்ளும்.

மிருதங்கம் சேர்க்கிறவர்கள் ஒலியளவை யோசியுங்கள். நாற்பது பேர் ஊதும் இடத்தில் மைக் இல்லாமல் அது கேட்காது. பித்தளையை நிறுத்திவிட்டு மரக்குழல் வாத்தியங்கள் மட்டும் மெதுவாகப் போகும் பகுதியில் அதற்கு இடம் கொடுத்தால் கேட்கும். தப்பு மேளம் என்றால் பிரச்சினை நேரெதிர்.

7/8 தாளத்தைக் கண்டால் பேண்டு ஆசிரியர்களுக்கு வியர்க்கும். ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணச் சொல்லி அரை மணி நேரம் போக்க வேண்டாம். 3, 2, 2 என்று பிரித்திருந்தால் "தகிட தக திமி" என்று மிஸ்ர சாபுவைச் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பெண்கள் பேண்டையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் முதலில் ஸ்கோரைப் பாருங்கள்: அதே 7/8-ஐ 2, 2, 3 என்று பிரித்திருந்தால் சொல்லும் "தக திமி தகிட" என்று மாற வேண்டும். தவறான சொல்லில் பழக்கிவிட்டால் அழுத்தம் இடம் மாறி உட்காரும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

பல்கலைக்கழகப் பக்கம்

பள்ளிக்கு எழுதியதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனால் எடுபடாது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் வளாகத்துக்குப் பலம் ஜாஸ். 1983-ல் டேரியஸ் ப்ரூபெக் தொடங்கிவைத்த ஜாஸ் படிப்பும் 1989-ல் திறந்த ஜாஸ் மையமும் அங்கே வேர்விட்டவை. அந்த வழியில் வந்தவர்களுக்கு சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் கைவந்த கலை. ஓபோவை எதிர்பார்க்க வேண்டாம். அரைமாத்திரைகள் தாமாகவே ஊஞ்சலாடும், அதாவது ஒன்று நீண்டு அடுத்தது குறுகும். நேராக வாசிக்க வேண்டுமென்றால் தாளிலேயே "நேராக" என்று எழுதியிருக்க வேண்டும். கெட்டிக்கார இசையமைப்பாளர் நடுவில் 16 பாரைத் திறந்துவிட்டு, ஸ்வரக்கூட்டுகளை மட்டும் எழுதி, "வாசியுங்கள்" என்று விட்டுவிடுவார். அந்த 16 பாரில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

ஆள் குறைவு என்று வெட்கப்படவும் தேவையில்லை. 1952-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் பள்ளியில் ஃப்ரெடெரிக் ஃபென்னெல் தொடங்கிய விண்ட் என்செம்பிள் ஒரு பார்ட்டுக்கு ஓர் ஆள் என்ற எண்ணத்தில் நின்றது. 20 நல்ல வாசிப்பாளர்கள் இருந்தால் அப்படி எழுதித் தரச் சொல்லலாம்.

மாணவர் படைப்புகளை வாசித்துப் பார்க்கும் அமர்வு இந்தச் சேவையில் பணத்துக்கு அதிக மதிப்புள்ள பகுதி. கட்டணத்தைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வெட்ட விடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர், ஆளுக்கு 12 நிமிடம், 32 பாருக்கு மிகாத துண்டு. மூன்று நாள் முன்பே பார்ட்டுகள் வந்திருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் கோளாறுகள்: கணினியில் கேட்டு எழுதியதால் மூச்சு வாங்க இடமே இல்லாத புல்லாங்குழல் வரி, சுருதி மாற்றாமல் அச்சான ஆல்ட்டோ சாக்ஸ், 47 பார் ஓய்வுக்குப் பிறகு க்யூ இல்லாமல் நுழையும் ட்ரொம்போன், பார் எண்ணே இல்லாத ஸ்கோர். கடைசியாகச் சொன்னது ஒன்றே 12 நிமிடத்தில் ஐந்தைத் தின்றுவிடும்.

பணமும் காகிதமும்

கட்டணத்தை நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: வருகைக்கு எவ்வளவு, புதிதாக எழுத எவ்வளவு, இருக்கும் துண்டுகளின் பார்ட்டுகளுக்கு எவ்வளவு, பயணமும் தங்கலும் எவ்வளவு. ஒரே தொகையாகச் சொல்கிறவரிடம் எதைக் குறைக்கலாம் என்று பேசவே முடியாது. மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு புதுப் படைப்பை எழுதச் சொல்லி, செலவைப் பங்கிட்டுக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்படிச் செய்தால் முதல் அரங்கேற்றம் யாருக்கு என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பணத்தைவிட அதில்தான் சண்டை வரும்.

வெளிநாட்டவர் ஊதியம் வாங்கி வேலை செய்ய, சாதாரணச் சுற்றுலா அனுமதி போதாது. குறுகிய வேலைக்கான 11(2) அனுமதி பெற்ற விசா வேண்டும். வெளிநாட்டுக் கலைஞருக்கு மேடைக்காகக் கொடுக்கும் பணத்தில் 15 சதவீதம் வரி பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்டுவது அழைத்தவரின் பொறுப்பு. ஒப்பந்தம் ஆன 14 நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பயிலரங்கு மட்டும் என்றால் இது பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள். பேசிய தொகை வரிக்கு முன்னா பின்னா என்பதை எழுதாமல் விட்டால், கடைசி நாள் மாலை மேடைக்குப் பின்னால் முகம் சுளிக்கும் காட்சி உறுதி. கச்சேரி மண்டபத்துக்கு, இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் சாம்ரோ அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இசையை எழுதியவரே முன்னால் உட்கார்ந்திருந்தாலும் உரிமம் உரிமம்தான்.

ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டிய வரி: குறைந்தது ஒருமுறை, கேட்ட பார்ட்டுகளை மாற்றி எழுதித் தருவேன் என்பது. மற்றதெல்லாம் பேரம் பேசலாம்.

யாருக்கு வேண்டாம்? ஸ்கேலே இன்னும் நிற்காத முதல் வருட பேண்டுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல கிளாரினெட் மௌத்பீஸ்களும் ஒரு பருவத்துக்குப் பித்தளை ஆசிரியரும் வாங்கலாம். ஆசிரியர் மாறப்போகிற வருடத்திலும் வேண்டாம். இணையத்தில் காணொளி வழியாக ஒரு மணி நேரம் பேச வைப்பது மலிவு, கேள்வி பதிலுக்குப் போதும். ஆனால் ஒலி தாமதத்தால் அதில் ஒத்திகை நடத்த முடியாது, முடியும் என்று யாரையும் நம்பவைக்க விடாதீர்கள்.

கச்சேரி முடிந்த அன்று இரவே, பிள்ளைகள் பையைக் கட்டும் முன், எல்லாப் பார்ட்டையும் திரும்ப வாங்கிவிடுங்கள். அவர் பென்சிலால் திருத்தியதும் மூச்சுக்குறி போட்டதும் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது, அவருடைய கணினியில் இல்லை. வாத்தியப் பெயர் வாரியாக அடுக்கி, மறுநாள் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை அவருக்கே அனுப்பிவையுங்கள். மூன்றாம் கிளாரினெட் தாள்தான் எப்போதும் காணாமல் போவது; அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.